உச்சிவெயில் மந்தை

விடிந்தும் விடியாத நேரத்தில் முப்பிடாதி ஏழாம் குளத்தைச் சுற்றிக் கிடந்த மணலைப் படித்துக்கொண்டிருந்தாள். நிஜமாகவே படிப்புதான். முந்தின நாள் அந்தியில் உடைமுள் கொப்பு ஒன்றைக் கயிற்றில் கட்டி இழுத்து, மணலை மொழுமொழுவென்று ஆக்கிவிட வேண்டும். காலையில் வந்து, யார் யார் தண்ணீருக்கு வந்தார்கள், எந்தத் திசையில் திரும்பினார்கள் என்று காலடித் தடங்களைப் பார்த்துச் சொல்ல வேண்டும். வெளிமான் எண்பத்தொன்று. புள்ளிமான் பதினாறு. பன்றி ஒன்பது, நரி இரண்டு, முள்ளம்பன்றி ஒன்று. முயலையும் மயிலையும் வனத்துறை ஒரு தலையாக மதிப்பதில்லை. அவை குடிப்பதெல்லாம் ஒரு குடிப்பா என்று யாரோ ஒரு பெரிய அதிகாரி முடிவு செய்துவிட்டார்.

ஆக மொத்தம் நூற்று ஒன்பது. கம்பத்தில் பொருத்தியிருந்த தலையெண்ணிக் கருவியோ நேற்று முழுவதற்கும் சேர்த்து நூற்று எண்பத்து நான்கு என்று காட்டியது. முப்பிடாதி கையிலிருந்த திரைப்பலகையில், தடம் பார்த்த எண்ணிக்கைக்கு நேராகவும் நூற்று எண்பத்து நான்கு என்றே ஏற்றினாள். பத்து மாதமாக இதுதான் நடக்கிறது. பொய்யை ஏற்றுவது பழகிப்போய் வெகுநாளாகிறது. நிம்மதிதான் வரவில்லை. குடிசைக்குத் திரும்பி உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றும், எழுந்தால் வாசலுக்குப் போய் வேலிப் பக்கம் பார்க்கத் தோன்றும்.

குளம் என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். கல்யாண மண்டபத்து மேடை அளவுக்கு, முழங்கால் ஆழம்கூட இல்லாத ஒரு சிமெண்டுத் தொட்டி. கானல்மேடு வறள்காப்பகத்தில் இப்படிப் பன்னிரண்டு இருந்தன. வடகிழக்குப் பருவமழை இந்தப் பக்கத்தையே மறந்துபோன பிறகு, காப்பகத்துக்கு அடியில் பாறை இடுக்குகளில் நின்ற அடிநீர் ஒன்றுதான் மிச்சம். அதையும் டேங்கர் டேங்கராக உறிஞ்சிக்கொண்டு போனார்கள். மான்கள் காய்ந்த தொட்டிகளை நக்கிக்கொண்டே செத்துக் கிடந்த படங்கள் ஊரெல்லாம் சுற்றின. எல்லோருக்கும் வெட்கம் வந்தது. வெட்கம் ஆறுவதற்குள் அவசர அவசரமாக ஒரு சட்டமும் வந்தது.

சட்டம் சொன்னது சுருக்கமானது. காப்பகத்து நீர் மனிதனுடையது அல்ல. எந்த மனிதனும் அதில் ஒரு மடக்கு எடுக்கக் கூடாது. ஒவ்வொரு தொட்டியின் தலைமாட்டிலும் தலையெண்ணியோடு ஒரு வெப்பக்கண் இருக்கும். படம் எடுக்கும் காமிரா கூடாது, ஏனென்றால் அந்தப் படங்களைத் திருடி வேட்டைக்காரர்கள் மான் நிற்கும் இடத்தைக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தார்கள். வெப்பக்கண்ணுக்கு முகம் தெரியாது, உருவத்தின் போக்கு மட்டும்தான் தெரியும். கிடையாக வரும் உடம்பு விலங்கு, நெட்டாக வரும் உடம்பு மனிதன். தொட்டியைச் சுற்றிப் பதித்திருந்த வெள்ளைக் கல் வட்டத்தைக் கிடையான ஒன்று தாண்டினால் வால்வு திறந்து நான்கு லிட்டர் விழும். நெட்டான ஒன்று தாண்டினால் வால்வு மூடிக்கொள்ளும், சங்கு அலறும். காவலர்களுக்கும் இதே சட்டம்தான். முப்பிடாதி பன்னிரண்டு வருஷமாகக் கல் வட்டத்துக்கு வெளியே நின்றுதான் குளத்தைக் காத்தாள்.

இன்னொரு விதியும் உண்டு. அடிநீர் இறங்கிக்கொண்டே போவதால், ஒரு குளத்துக்கு ஒரு மாதம் தொடர்ந்து நாளுக்கு நூறு தலைக்குக் குறைவாக வந்தால் அதை மூடிவிடுவார்கள். வெயிலில் ஆவியாகிப் போவதற்கு எதற்குத் தண்ணீர் என்பது துறையின் வாதம். அதில் தப்புச் சொல்லவும் முடியாது. ஏழாம் குளத்தை மூடினால் அதை நம்பியிருக்கும் மான்கள் பதினான்கு கிலோமீட்டர் நடந்து எட்டாம் குளத்துக்குப் போக வேண்டும். பாதி போய்ச் சேராது என்பது முப்பிடாதிக்குத் தெரியும். அவளுக்கு மான்கள் மேல் பெரிய பாசம் என்று சொல்வதற்கில்லை. ஆனால் பன்னிரண்டு வருஷம் பார்த்த முகங்கள், செத்தால் வயிறு எரியும்.

போன கோடையில் ஒரு மத்தியானம், முந்தின அந்தியிலிருந்து ஓடிய எண்ணிக்கை இருபத்தெட்டாவது நாளாக நூறைத் தொடாமல் தொண்ணூற்றாறில் வந்து நின்றது. முப்பிடாதி குடிசை வாசலில் நின்று தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, யாரும் பார்க்கவில்லை என்ற தைரியத்தில், சேலையை வரிந்து கட்டிக்கொண்டு நான்கு காலில் தவழ்ந்து கல் வட்டத்தைத் தாண்டினாள். வால்வு திறந்தது. எண் தொண்ணூற்றேழு ஆனது. அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. உச்சிவெயிலில் மண் மனித உடம்பைவிட அதிகமாகக் கொதிப்பதால், வெப்பக்கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் வெந்த தரையில் கொஞ்சம் குளிர்ந்த ஒரு திட்டுதான். அது கிடையாக இருந்தால் போதும், பன்றியா பெண்ணா என்று அது கேட்பதில்லை. உள்ளங்கையும் முழங்காலும் கொப்பளிக்க நான்கு தடவை போய் வந்தாள். நூறு ஆனது.

யாரும் பார்க்கவில்லை என்பது அவள் நினைப்பு. வேலிக்கு அப்பால் மேலக்கருவேலி ஊர்க்காரி பேராச்சி விறகு பொறுக்கிக்கொண்டிருந்தாள். ஐம்பதைத் தாண்டியவள், ஊரில் ஒரு சொல்லுக்கு நாலு பேர் நிற்பார்கள். அன்று சாயங்காலமே வேலியோரம் வந்து முப்பிடாதியைக் கூப்பிட்டாள்.

"எட்டி முப்பிடாதி, தவழ்ந்தா தண்ணி வருமா?"

முப்பிடாதிக்கு உயிரே போய்விட்டது. ஆனால் பேராச்சி காட்டிக் கொடுக்க வந்தவள் இல்லை, கணக்குத் தெரிந்துகொள்ள வந்தவள். மேலக்கருவேலிக்குக் கடல்குழாயில் வருவது ஆளுக்கு நாளொன்றுக்கு ஐந்து லிட்டர். கடல்நீரை உப்பு நீக்கி அறுபது கிலோமீட்டர் தள்ளிக்கொண்டு வரும் குழாய் அது, வாரத்தில் இரண்டு நாள் படுத்துக்கொள்ளும். சமைக்க, குடிக்க, பிள்ளைக்குக் கால் கழுவ எல்லாவற்றுக்கும் அதுதான். ஒரு தலைக்கு நான்கு லிட்டர் விழுகிறதா, ஒரு மனுஷி வயிறு முட்டக் குடித்தாலும் ஒரு லிட்டர்தான் குடிப்பாள், மீதி மூன்று உன் மானுக்குத்தானே என்று பேராச்சி கேட்டாள். முப்பிடாதி இரண்டு நாள் வேலிப் பக்கமே போகவில்லை. மூன்றாம் நாள் எண்ணிக்கை மறுபடி தொண்ணூற்றைந்துக்கு இறங்கியதும் தலையாட்டிவிட்டாள்.

அப்படித்தான் உச்சிவெயில் மந்தை உண்டானது. பன்றி பறித்த பள்ளத்தின் வழியாக வேலிக்குக் கீழே நுழைந்து, பழைய டயரை அறுத்து உள்ளங்கையிலும் முழங்காலிலும் கட்டிக்கொண்டு, வரிசையாகத் தவழ்ந்து வருவார்கள். பாத்திரம் கொண்டுவந்தால் தொட்டியின் விளிம்பில் பதித்த உணரி கண்டுபிடித்துவிடும் என்பதால் வாயை வைத்துத்தான் குடிக்க வேண்டும். பேராச்சி போட்ட சட்டம் துறையின் சட்டத்தைவிடக் கறாரானது. பேச்சு கூடாது. தலை தூக்கக் கூடாது. என்ன ஆனாலும், பாம்பே வந்தாலும், கல் வட்டத்துக்குள் எழுந்து நிற்கவே கூடாது. சங்கு அலறினால் அப்படியே மண்ணோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். ஊர்த்தெருவிலேயே ஒரு வாரம் பழக்கித்தான் அழைத்து வந்தாள்.

இதில் யாருக்கும் நஷ்டம் இல்லை என்பதுதான் முப்பிடாதி தனக்குச் சொல்லிக்கொண்ட சமாதானம். எழுபத்தைந்து பேர் வந்து குடித்துவிட்டுப் போன பிறகு தொட்டியில் இருநூறு லிட்டருக்கு மேல் நிற்கும். அந்தியில் மான்கள் வந்து நிம்மதியாகக் குடிக்கும். வேறு குளங்களில் எண்ணிக்கை விழுந்துகொண்டிருக்க, ஏழாம் குளத்தில் மான் குட்டி போட்டுப் பெருகியது. நிஜமான தலைகளே நூறைத் தாண்டிவிட்டன. கூட்டம் போன பிறகு டயர்த் தடங்களை முள்கொப்பால் அழிப்பது மட்டும் அவள் வேலை. சமாதானம் எல்லாம் சரிதான். ஆனாலும் மத்தியானம் பன்னிரண்டு அடித்தால் அவளால் ஒரு வாய் சோறு இறக்க முடிவதில்லை.

அந்தத் திங்கட்கிழமை காலையில் மண்டல அலுவலர் மெர்வின் மின்வண்டியில் வந்து இறங்கினான். முப்பது வயது, தூத்துக்குடிப் பையன், நல்ல மாதிரி. வருகிறபோதெல்லாம் தன் பங்குத் தண்ணீரிலிருந்து அரை லிட்டர் அவளுக்கு ஊற்றிவிட்டுப் போவான். அன்று முகமெல்லாம் பல்லாக இருந்தான். பன்னிரண்டு குளத்தில் ஏழாம் குளம் ஒன்றுதான் ஏறுமுகம், தலைமையகத்தில் அவள் பெயரைச் சொல்லிப் பேசுகிறார்கள் என்றான். முப்பிடாதி சிரிக்க முயன்றாள்.

அப்புறம்தான் விஷயத்துக்கு வந்தான். இந்த நிலம் தாங்கக்கூடியது நூற்று இருபது தலை. அதற்கு மேல் இருக்கும் அறுபத்துச் சொச்சத்தைப் பிடித்து மேற்கே மலையடிக் காப்பகங்களுக்கு அனுப்பப்போகிறார்கள். உச்சிவெயிலில் ஒரு மந்தை மொத்தமாக வருகிறதே, கலையாமல், ஓடாமல், வரிசையாக? அதைக் குறிவைத்தால் வேலை சுலபம். வியாழக்கிழமை மத்தியானம் ஊசித்தும்பிகள் வரும். ஊசித்தும்பி என்பது மயக்க ஊசி எய்யும் ட்ரோன். மனிதக் கண் எதுவும் பின்னால் இல்லை, தலையெண்ணி எதைத் தலை என்று சொல்கிறதோ அதன்மேல் ஊசி போடும்.

"அன்னைக்கு நீங்க குடிசைய விட்டு வெளிய வந்துராதீங்கம்மா. கல்லு வட்டத்துக்குள்ள நிக்கிற ஆளக் கண்டா அது நின்னுரும், அதெல்லாம் எழுதி வச்சிருக்கு. ஆனா தப்பித் தவறிப் பட்டுச்சுன்னா, மானுக்குப் போடுற மருந்து, மனுஷன் எந்திரிக்க மாட்டான்."

அது என்ன மந்தை என்று கேட்டான். பன்றி என்றாள் முப்பிடாதி. வாயில் வந்த பொய் அதுதான். இவ்வளவு ஒழுங்கான பன்றியா என்று ஆச்சரியப்பட்டுக்கொண்டே அவன் வண்டியைக் கிளப்பினான்.

உண்மையைச் சொல்லிவிடலாமா என்று அவள் நினைக்காமல் இல்லை. சொன்னால் அவளுக்குச் சிறை, அது கிடக்கட்டும். எழுபத்தைந்து பேருக்கும் காட்டுநீர்த் திருட்டு என்று ஆளுக்கு ஆறு வருஷம். சாயங்காலம் வரை குடிசைக்கும் வாசலுக்கும் நடந்து நடந்து கால் ஓய்ந்தாள். வெயில் தாழ்ந்ததும் வேலிக்குப் போய்ப் பேராச்சியைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னாள்.

பேராச்சி பதறவில்லை. டயர்த் துண்டில் அறுந்திருந்த வாரை முடிந்துகொண்டே கேட்டாள். வியாழக்கிழமை மட்டும் வராவிட்டால் போதுமா என்றாள். போதாது, ட்ரோன் வந்து மந்தை இல்லை என்று கண்டால் தேடும், ஆறு மாதமாவது இந்தப் பக்கம் தலைகாட்டக் கூடாது என்றாள் முப்பிடாதி. நிஜத் தலைகளே நூறுக்கு மேல் இருப்பதால் குளம் தப்பித்துக்கொள்ளும்.

"குளம் தப்பிச்சிரும். மான் தப்பிச்சிரும். நாங்க?"

"மைனி, ஊசி பட்டா செத்துப்போவிய."

"புரியுதுட்டி. நீ சொல்லாம விட்டிருந்தா எங்க கதி என்னன்னும் புரியுது. வியாழக்கிழமை வரலை. பெறகு உள்ளதப் பெறகு பாப்போம்."

ஒரு பெரிய பாரம் இறங்கியது போல் முப்பிடாதி திரும்பி நடந்தாள். ஆனால் ஒன்றை அவள் யோசிக்கவில்லை. வியாழக்கிழமையிலிருந்து தண்ணீர் கிடையாது என்று தெரிந்த ஊர் புதன்கிழமை என்ன செய்யும் என்பதுதான் அது.

புதன்கிழமை மத்தியானம் ஊரே வந்தது. வழக்கமாக வருகிற எழுபத்தைந்து பேரோடு, இது நாள்வரை கூச்சப்பட்டு வராதவர்கள், முழங்கால் வலி என்று ஒதுங்கியவர்கள், பிள்ளையை முதுகில் கட்டியவர்கள். கடல்குழாய் வேறு முந்தின நாளே படுத்துவிட்டிருந்தது. முப்பிடாதி வாசலில் நின்று முதுகுகளை எண்ணினாள். நூற்று முப்பதுக்கு மேல் போனதும் எண்ண முடியாமல் விட்டுவிட்டாள். ஒரே ஒரு நாள்தானே, குடித்துவிட்டுப் போகட்டும் என்றுதான் நினைத்தாள்.

மனம் ஒரு நிலையில் நிற்காமல் திரைப்பலகையை எடுத்துப் பார்த்தபோதுதான், காலை பத்து மணிக்கு மெர்வின் அனுப்பியிருந்த செய்தி கண்ணில் பட்டது. அந்த நேரத்தில் பலகையைக் குடிசையில் வைத்துவிட்டு அவள் வேலியோரம் நின்றிருந்தாள். நாளை புழுதிக்காற்று என்று வானிலையாளர்கள் சொல்கிறார்களாம். ஆகவே வேலையை இன்றைக்கே வைத்துக்கொள்கிறார்களாம். குடிசையை விட்டு வெளியே வர வேண்டாம் என்று மறுபடியும் எழுதியிருந்தான்.

அதைப் படித்து முடிப்பதற்குள் தெற்கே இரைச்சல் கேட்டது. வண்டு காதுக்குள் புகுந்தது போன்ற இரைச்சல். இரண்டு ஊசித்தும்பிகள் உடைமரங்களின் தலைக்கு மேல் வந்து, தொட்டிக்கு மேலே நின்று, கூட்டத்தின் ஓரத்திலிருந்து தொடங்கலாம் என்பதுபோல் ஆளுக்கொரு பக்கமாகப் பிரிந்தன.

முப்பிடாதி ஓடினாள். குடிசைக்கும் தொட்டிக்கும் இருநூறு கெஜம். ஓடிக்கொண்டே கத்தினாள்.

"எந்திரிங்க! எல்லாரும் எந்திரிச்சு நில்லுங்க!"

ஒருவர்கூட எழுந்திருக்கவில்லை. பத்து மாதம் பழகிய பழக்கம் அது. கத்தல் கேட்டதும் அத்தனை முதுகுகளும் இன்னும் தாழ்ந்தன. வயிறு மண்ணில் பட, முகத்தைக் கைக்குள் புதைத்துக்கொண்டு, பேராச்சி சொல்லிக்கொடுத்தபடி அச்சு அசலாகப் படுத்துக் கிடந்தார்கள். முதல் ஊசி பாய்ந்தது. யார்மேல் என்று முப்பிடாதிக்குத் தெரியவில்லை. அடுத்த ஊசிக்கு ஒரு தும்பி தன் மூக்கைத் திருப்பியபோது, பன்னிரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அவள் இரண்டு காலில் வெள்ளைக் கல்லைத் தாண்டினாள்.

சங்கு அலறியது. வால்வு அடித்து மூடிக்கொண்டது. ஊசித்தும்பிகள் இரண்டும் ஆணியடித்தது போல் ஆகாயத்தில் அப்படியே நின்றன. அவள் கையைத் தூக்கிக்கொண்டு, முடிந்த மட்டும் நெட்டாக நின்றாள். காலுக்குக் கீழே ஊர் முழுவதும் மண்ணோடு ஒட்டிக் கிடந்தது. சங்கு அலறினால் அசையாதே என்பதும் பேராச்சியின் சட்டம்தானே. கடைசியில் பேராச்சியைத் தேடிப் பிடித்து, கக்கத்தில் கைகொடுத்து இழுத்து நிறுத்த வேண்டியிருந்தது. அவள் நிற்பதைப் பார்த்துத்தான் மற்றவர்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள். எழுந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. சொள்ளமுத்து என்ற பெரியவர் தன் வலது கையைத் தூக்கிக் காட்டினார். ஊசி உள்ளங்கை டயரில் குத்தி நின்றது. ரப்பர் இன்னும் ஒரு நூல் மெலிந்திருந்தால் அவர் கதை முடிந்திருக்கும்.

மெர்வின் லாரியோடு வந்து சேர அரைமணி நேரம் ஆனது. மான்களை ஏற்றிக்கொண்டு போவதற்காக வந்த லாரி. அதற்குள் எல்லோரையும் கல் வட்டத்துக்கு வெளியே கொண்டுவந்திருந்தாள் முப்பிடாதி. அவன் இறங்கினான், கூட்டத்தைப் பார்த்தான், கையில் கட்டிய டயர்களைப் பார்த்தான். குடிசை நிழலில் போய் உட்கார்ந்து வெகுநேரம் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தான். திட்டியிருந்தால்கூட முப்பிடாதிக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அவனுக்கு முன்னால் இருந்தது ஒரே வழி என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். நடந்ததை அப்படியே எழுதினால் கணக்கே பொய் என்று குளத்துக்குப் பூட்டு, ஊருக்குச் சிறை, நூற்று ஒன்பது தலையில் பாதிக்குச் சாவு. அவன் திரைப்பலகையில் சட்டத்தை எடுத்து வைத்துக்கொண்டு எங்கோ தேடினான். பிறகு முப்பிடாதியையும் பேராச்சியையும் பக்கத்தில் கூப்பிட்டு, தாழ்ந்த குரலில் படித்துக் காட்டினான். நான்கு உறுப்புகளை நிலத்தில் ஊன்றி ஒரு நீர்நிலையை அணுகும் எவ்வுயிரும் அந்நீர்நிலையின் உரிமையுயிர் ஆகும். விலங்கு என்ற சொல்லே அதில் இல்லை. விலங்கு என்று எழுதினால் எந்த விலங்கு, வீட்டில் வளர்த்ததா காட்டில் வளர்ந்ததா என்று டேங்கர்க்காரர்கள் வழக்குப் போடுவார்கள் என்று பயந்து, அன்றைக்கு அப்படி எழுதிவிட்டார்கள்.

முப்பிடாதிக்குச் சட்டென்று விளங்கவில்லை. பேராச்சிக்கு விளங்கிவிட்டது.

அவர்களை இந்தக் குளத்து உரிமையுயிர்களாகப் பதிந்துவிடலாம் என்றான் மெர்வின். பதிந்துவிட்டால் திருட்டு இல்லை, குற்றம் இல்லை. ஒருநாளைக்கு இரண்டு வேளை, வேளைக்கு நான்கு லிட்டர். யாரும் தடுக்க முடியாது. இடம் மாற்றுவதென்றாலும் தனித்தனியாக எழுத்து உத்தரவு வேண்டும், அதற்கு மாதக்கணக்கில் ஆகும். ஆனால் பதிவுக்குக் காதில் அடையாள வில்லை போட வேண்டும். மேற்கே அனுப்பும் மான்களுக்காகக் கொண்டுவந்த வில்லைகள் லாரியில் பெட்டி நிறைய இருக்கின்றன. கடல்குழாய்ப் பங்கு மனிதர்களுக்கானது, அது நின்றுபோகும். காப்பகத்துக்குள் எந்த இடத்தில் நின்றபடி தென்பட்டாலும் அன்றோடு பதிவு ரத்து. சொல்லும்போது அவன் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. கெட்ட எண்ணத்தோடு அவன் சொல்லவில்லை என்பது முப்பிடாதிக்குத் தெரிந்தது. அதனால்தான் அவளுக்கு ஆத்திரம் இன்னும் அதிகமாக வந்தது.

"இவங்க மனுஷங்க சார்."

"தெரியும்மா. மனுஷங்கன்னு எழுதினா அஞ்சு லிட்டர். அதுவும் ஜெயில்ல."

முப்பிடாதி பேராச்சியின் கையைப் பிடித்துக்கொண்டாள். வேண்டாம் மைனி, வேறு ஏதாவது செய்யலாம், நானே போய் எல்லாப் பழியையும் ஏற்றுக்கொள்கிறேன் என்றாள். அந்த முதல் நாள் தவழ்ந்து நூறாக்கியதை நினைத்து அவள் தன்னையே சபித்துக்கொண்டாள்.

பேராச்சி கையை விடுவித்துக்கொண்டாள்.

"பத்து மாசமாத் தவழுதோம். பயந்து பயந்து தவழ்ந்தோம். இனிமே பயப்படாமத் தவழலாங்காரு. அம்புட்டுத்தானட்டி வித்தியாசம்."

பிறகு மெர்வினைப் பார்த்து ஒரே ஒரு சந்தேகம் கேட்டாள். வில்லை போட வலிக்குமா என்று. காதில் துளை போடும் கருவியை அவன் எடுத்துக் காட்டியதும், அது எதற்கு என்றாள். கழுத்தைத் திருப்பி, கம்மல் விற்றுத் தின்று வெகுநாளாகிச் சும்மா கிடந்த காதைக் காட்டினாள். அஞ்சு வயதில் மாமன் மடியில் உட்கார்த்திக் காது குத்திய ஓட்டை அப்படியே இருந்தது. வில்லை அதில் சிரமம் இல்லாமல் நுழைந்தது. அதைப் போட்டுவிட்டது முப்பிடாதிதான். குளத்து உயிர்களுக்கு வில்லை போடுவது காவலரின் வேலை என்று விதியில் இருந்தது.

பெண்கள் வரிசையில் நின்றார்கள். பெரும்பாலும் எல்லோருக்கும் ஓட்டை தயாராக இருந்தது. ஆண்களுக்குத்தான் கருவி வேண்டியிருந்தது. சொள்ளமுத்து இன்னும் அந்த ஊசி குத்திய டயரைக் கழற்றாமலே வந்து காதை நீட்டினார். மெர்வின் தன் சாவியைப் போட்டு வால்வின் பூட்டை நீக்கி, தலையெண்ணியை மறுபடி ஓடவிட்டான். வில்லை வாங்கியவர்கள் கல் வட்டத்துக்கு வெளியே கையும் முழங்காலும் ஊன்றி, உள்ளே போகலாமா என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஆவுடையாள் என்றொரு சின்னப் பெண் இடுப்பில் பிள்ளையோடு வந்தாள். கைப்பிள்ளைக்கும் உண்டா சார் என்று கேட்டாள். மெர்வின் பலகையில் தேடிப் பார்த்தான். தவழும் பிள்ளை என்றால் இப்போதே உண்டு என்றான். நடக்கும் பிள்ளை என்றால் கொஞ்சம் வளர்ந்து, பழகிய பிறகுதான் பதிய முடியும், அதுவரை நின்றுவிடும் அபாயம் இருக்கிறதே என்றான்.

"தவழுதுதான் சார். இன்னும் நடக்கல."

பிள்ளையை மணலில் இறக்கிவிட்டாள். அது அவள் சேலையைப் பிடித்து எழுந்தது. ஒரு கால் ஊன்றி, மறு கால் ஊன்றி, பிடியை விட்டுத் தனியாக நின்று, இத்தனை பேர் தன்னைப் பார்க்கிற சந்தோஷத்தில் சிரித்தது. மெர்வின் பலகையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஆவுடையாள் குனிந்து, தூங்கப்பண்ணும்போது தட்டுவாளே அந்தக் கையால், பிள்ளையின் முதுகை மெள்ள அமுக்கினாள். முழங்கால்கள் மணலில் பட்டன. பிள்ளை விளையாட்டு என்று நினைத்து மறுபடியும் எழுந்தது. அவள் மறுபடியும் அமுக்கினாள், இந்தத் தடவை கொஞ்சம் அழுத்தி.

மூன்றாம் தடவை அது எழுந்திருக்கவில்லை. தண்ணீரைப் பார்த்து நான்கு காலில் நகர்ந்தது. வெள்ளைக் கல்லைத் தாண்டியதும் வால்வு திறந்து நான்கு லிட்டர் விழுந்தது.